கிளேசியர் போஸ்டில் ஒரு நாள் எப்படிப் போகும்?

உங்கள் தம்பியின் பட்டாலியன் சியாச்சின் போகிறது, பேஸ் கேம்ப் தாண்டி மேலே ஒரு போஸ்டில் மூன்று மாதம் இருப்பான் என்று எழுதியிருக்கிறீர்கள். “2003லேயே சண்டை நின்றுவிட்டதாமே, அப்புறம் நாள் முழுக்க அங்கே என்னதான் செய்வார்கள்? அம்மா ராத்திரி தூங்குவதில்லை. நாங்கள் இங்கிருந்து என்ன அனுப்பலாம்?” என்று கேட்கிறீர்கள். நானும் மெட்ராஸ் ரெஜிமென்டில் இருந்து ஓய்வு பெற்றவன்தான் தங்கச்சி. கிளேசியரில், அதாவது அந்தப் பனியாற்றில், இருந்திருக்கிறேன். தெரிந்ததை மறைக்காமல் சொல்கிறேன். படித்தால் முதலில் கொஞ்சம் பயம் வரும். ஆனாலும் வீட்டில் ஒருவருக்காவது விவரம் தெரிந்திருந்தால் மேலே இருக்கும் பையனுக்கு அது பெரிய பலம்.

அங்கே ஒரு ஜவானின் நாளில் முக்கால்வாசி உயிரைக் காப்பாற்றிக்கொள்ளும் வேலையிலேயே போகும். பனியை உருக்கித் தண்ணீர் எடுப்பது, அடுப்பு அணையாமல் பார்ப்பது, குடிலை மூட வரும் பனியை வாரிக் கொட்டுவது, துப்பாக்கி உறையாமல் வைத்திருப்பது, பக்கத்தில் இருப்பவனின் கால்விரல்களைப் பார்ப்பது. மீதி நேரம் காவல். வெளியிலிருந்து பார்த்தால் இதெல்லாம் சில்லறை வேலை மாதிரித் தெரியும். இந்தச் சில்லறை வேலைகளில் ஒன்றை ஒரு நாள் சோம்பலில் விட்டுவிட்டால்தான் அங்கே ஆள் போகிறான்.

ஏன் அங்கே நிற்கிறோம் என்பதை அம்மாவுக்குச் சொல்ல இரண்டு வரி போதும். 1949 கராச்சி ஒப்பந்தத்திலும் சரி, 1972 சிம்லா ஒப்பந்தத்துக்குப் பிறகு வரைந்த கட்டுப்பாட்டுக் கோட்டிலும் சரி, கோடு என்.ஜே. 9842 என்ற புள்ளியோடு நின்றுவிட்டது. அதற்கு வடக்கே மனிதன் போய் உட்காருவான் என்று யாரும் நினைக்கவில்லை. 1984 ஏப்ரல் 13ஆம் தேதி ஆபரேஷன் மேகதூத் தொடங்கி, கேப்டன் சஞ்சய் குல்கர்னியின் குமாவோன் ரெஜிமென்ட் வீரர்கள் பிலாபோண்ட் லா கணவாயில் ஹெலிகாப்டரில் இறங்கினார்கள். அன்றிலிருந்து சால்டோரோ மலைமுகட்டில் நம் ஆட்கள் இருக்கிறார்கள். பாகிஸ்தான் ராணுவம் அதற்கு மேற்கே, தாழ்வான சரிவுகளில் இருக்கிறது. 2003 நவம்பர் கடைசியில் சண்டை நிறுத்தம் வந்தபிறகு பீரங்கிச் சத்தம் நின்றது உண்மை. ஆனால் 1984 முதல் அங்கே இறந்தவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது குண்டு இல்லை. குளிர், பனிச்சரிவு, உயரம் இந்த மூன்றும்தான். இவற்றோடு யாரும் சண்டை நிறுத்தம் பேச முடியாது.

தம்பி நேராக மேலே போய்விட மாட்டான், அந்தக் கவலை வேண்டாம். உடம்பை உயரத்துக்குப் பழக்குவதற்கு ராணுவத்தில் கண்டிப்பான கணக்கு உண்டு. 9,000 முதல் 12,000 அடிக்குள் 6 நாள், 15,000 அடி வரை 4 நாள், அதற்கு மேல் இன்னொரு 4 நாள். முதல் இரண்டு நாளும் கிட்டத்தட்ட முழு ஓய்வு. பிறகு மெல்ல நடை, அப்புறம் ஏற்றம், கடைசியில் சுமையோடு ஏற்றம். இதில் அவசரமே கூடாது. நன்றாக ஓடக்கூடிய, உடம்பு திடமான பையன்கள்தான் “எனக்கு ஒன்றும் இல்லை” என்று முதல் நாளே துள்ளிக் குதித்துப் படுக்கையில் விழுவார்கள். லே, கர்துங் லா, நுப்ரா பள்ளத்தாக்கு, பர்த்தாபூர் என்று போய், ஏறக்குறைய 12,000 அடியில் இருக்கும் பேஸ் கேம்புக்கு வந்தால் சியாச்சின் பேட்டில் ஸ்கூலில் பயிற்சி. ஐஸ் சுவரில் ஏறுவது, ஐஸ் ஆக்ஸ் பிடிப்பது, பனிப்பிளவுக்குள் விழுந்தவனைக் கயிறு போட்டு இழுப்பது எல்லாம் அங்கே கற்றுக்கொடுப்பார்கள். ஊரில் பனி என்றால் மார்கழிப் பனிதான் தெரியும் என்று வருகிற நம் பையன்கள் அதை நன்றாகவே கற்றுக்கொள்வார்கள். மற்ற ரெஜிமென்ட்காரர்கள் நம்மைத் ‘தம்பி’ என்றுதான் கூப்பிடுவார்கள். தம்பிகள் கிளேசியரில் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை.

பேஸ் கேம்பில் ஓ.பி. பாபா கோயில் இருக்கிறது. முன்பு அங்கே தனியாகப் போஸ்டைக் காத்ததாகச் சொல்லப்படும் ஒரு வீரரின் பெயரில் உள்ள கோயில். மேலே போகிற ஒவ்வொரு பார்ட்டியும் அவரிடம் ரிப்போர்ட் கொடுத்துவிட்டுத்தான் போகும், திரும்பி வந்ததும் வந்துவிட்டோம் என்று சொல்லும். எந்த மதத்துக்காரனும் இதை விடுவதில்லை. உங்கள் அம்மா குலதெய்வத்துக்கு வேண்டிக்கொள்வதைப் போலத்தான் இதுவும் என்று சொல்லுங்கள், அவருக்குப் புரியும்.

அங்கிருந்து மேலே ஏறுவது கயிற்றில். இடைவெளி விட்டு ஒருவன் பின்னால் ஒருவனாக ஒரே கயிற்றில் கோர்த்துக்கொண்டு, முன்னால் போகிறவன் கம்பால் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டே நடப்பான். பனிப்பிளவின் மேல் மெல்லிய பனி மூடியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது, கால் வைத்தால் நூறடி ஆழம்கூட இருக்கலாம். பெரிய பிளவுகளில் அலுமினிய ஏணி போட்டிருக்கும். வெயில் ஏறினால் பனி இளகிவிடும் என்பதால் நடையெல்லாம் நள்ளிரவுக்கு மேலோ விடியலுக்கு முன்போதான். கிளேசியரின் நீளம் சுமார் 76 கிலோமீட்டர். நடுவில் உள்ள குமார் போஸ்ட் 16,000 அடிக்குக் கொஞ்சம் கீழே. அதற்கு மேலேதான் 18,000, 19,000, 20,000 அடிப் போஸ்டுகள். 1987இல் நாயப் சுபேதார் பாணா சிங் பிடித்துக் கொடுத்து, அவர் பெயரிலேயே இருக்கும் போஸ்ட் 21,000 அடியையும் தாண்டியது. தூரத்துப் போஸ்டுகளுக்கு இடையிடையே தங்கித் தங்கி நடந்து சேர இரண்டு மூன்று வாரம்கூட ஆகும்.

இனி ஒரு நாளைச் சொல்கிறேன்.

போஸ்ட் என்றால் கட்டடத்தை நினைக்காதீர்கள். ஃபைபர் குடில் ஒன்றிரண்டு, சமையலுக்கு ஒரு மறைப்பு, காவலுக்கு ஒரு பதுங்குகுழி, எண்ணெய் ஜெரிகேன் அடுக்கு, சுற்றிலும் கயிறு கட்டிய நடைபாதை. சின்னப் போஸ்டில் ஏழெட்டுப் பேர், பத்துப் பேர் இருப்பார்கள். அந்தக் கயிற்றைத் தாண்டி யாரும் தன்னிஷ்டத்துக்குக் கால் வைக்கக் கூடாது.

விடிவதற்கு முன்பே ஸ்டேண்ட்-டு. எல்லாரும் உடுப்பு மாட்டி அவரவர் இடத்தில் நிற்க வேண்டும். உடுப்பு மாட்டுவதே ஒரு வேலை. அந்தக் காற்றில் பூட்ஸ் கயிறு கட்டக் குனிந்தால் மூச்சு வாங்கும். 18,000 அடியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிதான். ராத்திரி பூட்ஸின் உள்ளுறை, சாக்ஸ், தண்ணீர் பாட்டில், டார்ச் பேட்டரி எல்லாவற்றையும் ஸ்லீப்பிங் பேக்குக்குள் கூடவே வைத்துத் தூங்கியிருப்பான். வெளியே வைத்தால் காலையில் எதுவும் உதவாது. பல் விளக்கலாம் என்று பார்த்தால் டியூபுக்குள் பேஸ்ட் கட்டியாக இருக்கும். முகச்சவரத்தைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள், தாடி குளிருக்கு நல்லது. குளியல் மூன்று மாதத்தில் இருந்தாலும் இருக்கும், இல்லாவிட்டாலும் இல்லை. வெந்நீரில் துணி நனைத்து அவசரமாகத் துடைத்துக்கொள்வதுதான் வழக்கம்.

அடுத்தது பனி வாருவது. ராத்திரி பெய்ததை எல்லாரும் சேர்ந்து மண்வெட்டியால் தள்ள வேண்டும். குடில் வாசல், புகைபோக்கி, பதுங்குகுழி, ஹெலிபேட் ஒவ்வொன்றாக. ஒரு குளிர்காலத்தில் அங்கே 30 அடிக்கு மேல் பனி விழுகிறது. புயல் பிடித்தால் சில நாள், சில சமயம் வாரக்கணக்கில் விடாது. அந்த நாட்களில் முறை வைத்து ராத்திரி பகல் பாராமல் வாரிக்கொண்டே இருக்க வேண்டும். வாராமல் எல்லாரும் தூங்கிவிட்டால் குடில் மூடிவிடும், உள்ளே அடுப்புப் புகையில் மூச்சு நின்றுவிடும். சமவெளியில் ஒரு மணி நேரத்தில் முடிக்கும் வேலைக்கு அங்கே அரை நாள் ஆகும். பத்து முறை வாரிவிட்டு நின்று மூச்சு வாங்கி, மறுபடி பத்து முறை.

பிறகு தண்ணீர். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய வரை பனிதான், குடிக்கச் சொட்டுத் தண்ணீர் கிடையாது. சுத்தமான இடம் என்று குறித்து வைத்திருக்கும் பக்கத்திலிருந்து பனியை வெட்டி எடுத்து, மண்ணெண்ணெய் அடுப்பில் வைத்து உருக்க வேண்டும். பெரிய பாத்திரம் நிறையப் பனியைப் போட்டால் அடியில் கொஞ்சம் தண்ணீர் தேறும். அந்த உயரத்தில் மூச்சிலேயே உடம்பின் தண்ணீர் போய்க்கொண்டிருக்கும், ஆனால் தாகம் எடுக்காது. எனவே ஒரு நாளைக்கு நாலைந்து லிட்டராவது குடித்தானா என்று ஒருவனை ஒருவன் கேட்டுக்கொண்டே இருப்பான். ரத்தம் கெட்டிப்பட்டு உறைந்துபோவது அங்கே இளைஞர்களுக்கும் வருகிற நோய். சீனியர் ஜே.சி.ஓ. (சுபேதார் மாதிரி ஜூனியர் கமிஷன்ட் ஆபீசர்) தண்ணீர் கிளாஸோடு பின்னாலேயே வந்தால் உங்கள் தம்பி அலுத்துக்கொள்ளக் கூடாது.

அந்த மண்ணெண்ணெயைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சமையல், தண்ணீர், குடிலைச் சூடாக்கும் புகாரி அடுப்பு எல்லாம் அதில்தான். கரி எல்லா இடத்திலும் படியும். சோற்றில் மண்ணெண்ணெய் வாசம், சளி துப்பினால் கறுப்பு. குளிருக்குப் பயந்து காற்று வழியை அடைத்தால் கார்பன் மோனாக்ஸைடு கொல்லும். நெருப்பு பற்றினாலும் ஃபைபர் குடில் நிமிடங்களில் எரிந்துவிடும், உறைந்த இடத்தில் அணைக்கத் தண்ணீர் ஏது? 2023 ஜூலையில் சியாச்சினில் அப்படிப் பிடித்த நெருப்பில்தான் ராணுவ மருத்துவர் கேப்டன் அன்ஷுமன் சிங் மற்றவர்களை வெளியே கொண்டுவந்துவிட்டுத் தன் உயிரைக் கொடுத்தார். அவருக்குக் கீர்த்தி சக்ரா கொடுத்தார்கள். அதனால் ராத்திரியில் ஒருவன் விழித்திருந்து அடுப்பைப் பார்ப்பான். அதுவும் ஒரு காவல் பணிதான்.

சாப்பாடு. அரசாங்கம் இதில் குறை வைப்பதில்லை. முந்திரி, பாதாம், சாக்லேட், பழச்சாறு, டின்னில் அடைத்த காய்கறி, இறைச்சி எல்லாம் வரும். சிக்கல் இரண்டு. முதலாவது, எல்லாம் உறைந்துபோய் வரும். முட்டையை, உருளைக்கிழங்கைச் சுத்தியலால் அடித்தால்தான் உடையும். பழச்சாறு டப்பாவைப் பிய்த்து உள்ளே இருக்கும் ஐஸ் கட்டியைப் பாத்திரத்தில் போட்டுக் காய்ச்சிக் குடிக்க வேண்டும். இரண்டாவது, சாப்பிடவே தோன்றாது. உயரம் பசியைக் கொன்றுவிடும். முதல் வாரம் ஆசையாகத் தின்ற சாக்லேட்டை இரண்டாம் மாதம் பார்த்தாலே குமட்டும். சோறு என்று எடுத்தால், 19,000 அடிக்கு மேல் தண்ணீர் 80 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும். அந்தக் கொதியில் அரிசி வேகாது, பருப்பு வேகவே வேகாது. பிரஷர் குக்கர் இல்லாவிட்டால் நம் ஆட்களுக்குச் சாப்பாடே இல்லை. குக்கரின் ரப்பர் வளையத்துக்கு ஒன்றுக்கு இரண்டாக மாற்று வைத்திருப்போம். ராத்திரி ஒரு தம்ளர் சூடான மிளகு ரசம் கிடைத்தால் போஸ்டில் எல்லார் முகமும் மாறும். கேரளாக்காரன், கன்னடக்காரன், ஆந்திராக்காரன் எல்லாரும் அதற்கு வரிசையில் நிற்பார்கள். எடை எப்படியும் குறையும். கீழே வந்ததும் அம்மா பார்த்து அழப்போகிறார், முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

பகலில் வானம் தெளிந்தால் எல்லார் காதும் ஒரே சத்தத்துக்குக் காத்திருக்கும், சீட்டா ஹெலிகாப்டர். கடிதம், மருந்து, காய்கறி, உதிரி பாகம் எல்லாம் அதில்தான். மிக உயரமான போஸ்டுகளுக்கு ஒரு நடைக்கு இருபது முப்பது கிலோதான் தூக்க முடியும், காற்று அவ்வளவு லேசு. வந்து இறங்கி, விசிறி நிற்காமலே சுமையைத் தள்ளிவிட்டு, அரை நிமிடத்தில் கிளம்பிவிடும். விமானப்படையின் 114ஆம் ஹெலிகாப்டர் யூனிட் ‘சியாச்சின் பயனியர்ஸ்’ என்று பெயர் வாங்கியது சும்மா இல்லை. அவர்களோடு சேர்த்து நுப்ரா பள்ளத்தாக்குக் கிராமங்களின் போர்ட்டர்களையும் நினைக்க வேண்டும். ஹெலிகாப்டர் போகாத இடத்துக்கு முதுகில் சுமை ஏற்றிப் போகிறவர்கள், பிளவில் விழுந்தவனைத் தேடி முதலில் கயிற்றில் இறங்குகிறவர்கள் அவர்கள். பதக்கப் பட்டியலில் அவர்கள் பெயரைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

மதியத்துக்கு மேல் ஆயுதம் பார்ப்பது. எண்ணெய் கெட்டியாகித் துப்பாக்கி சிக்கிக்கொள்ளும், அடுப்புச் சூட்டில் காட்டித் தளர்த்த வேண்டும். இரும்பைக் கையுறை இல்லாமல் தொட்டால் தோல் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். ‘ஒரு நிமிஷம்தானே’ என்று உறையைக் கழற்றியவர்களில் விரலை இழந்தவர்கள் உண்டு. குறித்த நேரத்தில் வயர்லெஸ்ஸில் “எல்லாம் நலம்” என்று கம்பெனிக்குச் சொல்ல வேண்டும். முறை வந்தால் பக்கத்துப் போஸ்டு வரை லிங்க் பேட்ரோல். வெயில் அடித்தால் கறுப்புக் கண்ணாடி கண்ணை விட்டு இறங்கக் கூடாது, பனியில் பட்டுத் திரும்பும் ஒளி ஒரே நாளில் பார்வையை மங்க வைத்துவிடும்.

மாலையில் கால் பரிசோதனை. எல்லாரும் பூட்ஸைக் கழற்றி, சாக்ஸ் மாற்றி, ஒருவன் காலை மற்றவன் டார்ச் அடித்துப் பார்ப்பான். விரல் வெளுத்திருக்கிறதா, மரத்திருக்கிறதா, நிறம் மாறியிருக்கிறதா? ஊரில் ஒருவன் காலை இன்னொருவன் தொட எத்தனை கணக்குப் பார்ப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அங்கே அந்தக் கணக்கெல்லாம் இல்லை. சுபேதார் சாப் சிப்பாயின் பாதத்தைத் தன் மடியில் வைத்துப் பார்ப்பார். கிளேசியரில் நான் மதிக்கும் காட்சிகளில் இதற்குத்தான் முதல் இடம்.

இருட்டிய பிறகு சென்ட்ரி, அதாவது காவல். குளிர்காலத்தில் ராத்திரி மைனஸ் 50 வரை இறங்கும், காற்று சேர்ந்தால் அதற்கும் கீழே. சென்ட்ரி மாற்றம் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை, குளிர் மிஞ்சினால் அதற்கும் முன்பே. நிற்கிறவன் விரல்களை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். மற்றவர்கள் உள்ளே கேரம், லூடோ, சீட்டு, பழைய கதை. தூக்கம் வராது. கண் அயர்ந்தால் மூச்சு ஒரு கணம் நின்று திடுக்கென்று எழுப்பும், உயரத்தில் அது எல்லாருக்கும் நடப்பதுதான். இரண்டாம் மாதத்தில் பெயர்கள் மறக்கும், சொன்னதையே திருப்பிச் சொல்வார்கள், உப்புச் சப்பில்லாத விஷயத்துக்குக் கோபம் வரும். நல்ல போஸ்ட் கமாண்டர் இதைக் கவனித்துக்கொண்டே இருப்பார். ஒருவன் பேசாமல் மூலையில் உட்கார ஆரம்பித்தால் அவனைச் சமையலுக்கு அனுப்புவார். கையில் வேலையும் பக்கத்தில் அடுப்பும் பேச ஆளும் இருந்தால் மனசு திரும்பும்.

இப்போது நீங்கள் தம்பியிடம் கட்டாயம் சொல்ல வேண்டிய ஒன்று. மற்றதையெல்லாம் ராணுவம் சொல்லிக்கொடுக்கும். இதை வீட்டார் சொன்னால்தான் மனசில் தைக்கும். உடம்புக்கு முடியவில்லை என்றால் மறைக்கக் கூடாது.

உயரத்தில் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் நோய் ஒன்று உண்டு, ராணுவத்தில் ஹேப்போ என்போம். தொடக்கத்தில் சாதாரண இருமல் மாதிரி இருக்கும். கொஞ்சம் மூச்சிரைக்கும், படுத்தால் அதிகமாகும். அப்போதே சொன்னால் ஆக்சிஜன் கொடுத்து, மருந்து கொடுத்து, காற்றழுத்தப் பையில் படுக்க வைத்து, முதல் ஹெலிகாப்டரில் இறக்கிவிடலாம். கீழே இறங்கினாலே பாதி குணம். மறைத்து ஒரு ராத்திரி தள்ளினால் சில மணி நேரத்தில் கைமீறிவிடும். மூளையில் நீர் கோப்பது அதைவிட மோசம். தாங்க முடியாத தலைவலி, வாந்தி, குடித்தவன் போன்ற தள்ளாட்டம் வந்து நினைவு தப்பும். உறைபனிப் புண்ணும் இப்படித்தான், மரத்துப்போனதும் சொன்னால் விரல் மிஞ்சும்.

பையன்கள் ஏன் மறைக்கிறார்கள் தெரியுமா? வெட்கம். ‘மெட்ராஸி தாங்கவில்லை’ என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்ற ரோஷம். தான் இறங்கினால் ஏற்கெனவே குறைவாக இருக்கும் ஆட்கள் தன் காவலையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமே என்ற எண்ணம். தன் ஒருவனுக்காகப் பைலட் உயிரைப் பணயம் வைக்க வேண்டுமா என்ற தயக்கம். எல்லாமே நல்ல பிள்ளையின் குணங்கள், அதனால்தான் ஆபத்து. இன்னொன்றும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஜவானுக்கு சியாச்சின் படிப்பணம் 2017இல் மாதம் 30,000 ரூபாயாக உயர்ந்தது. வீட்டில் கடன், தங்கை கல்யாணம் என்று இருந்தால், இறங்கிவிட்டால் அந்தப் பணம் போய்விடுமே என்று ஒருவன் இருமலை விழுங்குவான். ஆகவே நீங்கள் போனில் “அந்தப் பணம் வந்ததும் இதை முடித்துவிடலாம்” என்று ஒரு வார்த்தைகூடப் பேசாதீர்கள். “தலைவலித்தாலும் சொல்லிவிடு, இறக்கிவிட்டால் சந்தோஷமாக இறங்கி வா” என்று அம்மா வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள்.

பனிச்சரிவைப் பற்றிக் கேட்காமலே கேட்டிருக்கிறீர்கள், தெரிகிறது. 2016 பிப்ரவரி 3ஆம் தேதி சோனம் போஸ்டில், 19,600 அடியில், பெரிய ஐஸ் சுவர் ஒன்று இடிந்து விழுந்தது. உள்ளே இருந்தது மெட்ராஸ் ரெஜிமென்டின் 19ஆம் பட்டாலியனைச் சேர்ந்த பத்துப் பேர் கொண்ட பார்ட்டி. நான்கு பேர் நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகள், மற்றவர்கள் கர்நாடகா, கேரளா, ஆந்திரா, மகாராஷ்டிரா. அந்த உயரத்தில் ஐஸை அறுத்து, மோப்ப நாய்களோடு, மின் அறுவைக் கருவிகளோடு நாள்கணக்கில் தோண்டினார்கள். ஆறாம் நாள் லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பாவை உயிரோடு எடுத்தார்கள். நாடே கும்பிட்டது. டெல்லி ராணுவ மருத்துவமனையில் பிப்ரவரி 11ஆம் தேதி அவர் போய்விட்டார். அதற்கு நான்கு வருஷம் முன்பு, 2012 ஏப்ரலில், எதிர்ப்பக்கம் கயாரியில் பாகிஸ்தான் முகாம் ஒன்று பனிச்சரிவில் புதைந்து 140 பேர் இறந்தார்கள். அந்தச் செய்தி கேட்டு நம் பக்கத்தில் யாரும் மகிழவில்லை. பனிக்கடியில் கிடப்பது என்னவென்று தெரிந்தவன் மகிழ மாட்டான்.

இதை மறைத்து உங்களிடம் ‘ஒன்றும் ஆகாது’ என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. அதே நேரம் இதையும் சொல்ல வேண்டும். ஆரம்ப வருஷங்களோடு பார்த்தால் இன்று நிலைமை வெகுவாக மாறியிருக்கிறது. உடுப்பு, பூட்ஸ், குடில் எல்லாம் தரம் கூடியிருக்கின்றன. பனிச்சரிவு எச்சரிக்கை கொடுக்கத் தனி ஆய்வு நிறுவனமே இருக்கிறது, எச்சரிக்கை வந்தால் நடமாட்டத்தை நிறுத்திவிடுவார்கள். பட்டாலியனில் கிளேசியர் போனவர்களில் மிகப் பெரும்பாலோர் முழுதாக இறங்கி வருகிறார்கள். 2004இல் குடியரசுத் தலைவராக இருந்த நம் அப்துல் கலாம் 72 வயதில் அங்கே வந்து ஜவான்களைப் பார்த்துவிட்டுப் போனார். அதற்கு முன்பு எந்தக் குடியரசுத் தலைவரும் அங்கே வந்ததில்லை.

போன் விஷயம். முன்பெல்லாம் கடிதம்தான், எப்போதாவது சாட்டிலைட் போனில் ஓரிரு நிமிடம். 2017 தீபாவளி முதல் ராணுவத்தினருக்கு அந்த அழைப்புக் கட்டணம் நிமிடத்துக்கு ஒரு ரூபாயாகக் குறைந்தது. 2023இல் பி.எஸ்.என்.எல். அங்கே செல்போன் கோபுரம் அமைத்தது, 2025 தொடக்கத்தில் ஜியோவும் வந்தது. ஆனாலும் எல்லாப் போஸ்டிலும் எடுக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். புயலில் சோலார் பேனல் மூடிவிட்டால், பேட்டரி இறங்கிவிட்டால் அதுவும் போச்சு. பத்து நாள் போன் வரவில்லை என்றால் பெரும்பாலும் வானிலைதான் காரணம். வந்தால் நிலத் தகராறு, சொந்தக்காரர் பேச்சு என்று ஆரம்பிக்காதீர்கள். அவன் அங்கிருந்து ஒன்றும் செய்ய முடியாது, ராத்திரி சென்ட்ரியில் நின்றுகொண்டு அதையே நினைப்பான். மழை பெய்ததா, மாடு கன்று போட்டதா, பக்கத்து வீட்டுக் குழந்தை நடக்கிறதா என்று சொல்லுங்கள். அவன் ஏங்குவது அதற்குத்தான். அதற்காகப் பெரிய துக்கத்தை மறைக்கவும் வேண்டாம். அப்படி ஒன்று நேர்ந்தால் அவனிடம் நேராகச் சொல்லாமல் யூனிட்டுக்குத் தெரிவியுங்கள். கமாண்டர் பக்கத்தில் ஆள் வைத்துக்கொண்டு பக்குவமாகச் சொல்வார், இறக்குவதற்கும் ஏற்பாடு செய்வார்.

என்ன அனுப்பலாம்? ஸ்வெட்டர், குல்லா, கையுறை எதுவும் வாங்காதீர்கள். அரசு கொடுப்பதைவிட நல்லது நம் ஊர்க் கடையில் கிடைக்காது. ஏ.பி.ஓ. (ராணுவ அஞ்சலகம்) முகவரிக்குப் பார்சல் போட்டால் பேஸ் கேம்ப் வரை போகும், மேலே ஏற ஹெலிகாப்டரில் இடம் கிடைக்க வேண்டும். அதனால் அவன் கிளம்பும்போதே கையில் கொடுத்துவிடுவது நல்லது. கனம் குறைவாக, ஈரமில்லாமல் இருக்கட்டும். ரசப்பொடி, பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், எண்ணெய் நிறைய விட்ட எலுமிச்சை அல்லது நார்த்தங்காய் ஊறுகாய் கொடுக்கலாம். கண்ணாடி பாட்டில் வேண்டாம், உடையும். உதட்டுக்கும் கன்னத்துக்கும் தடவ வாசலின். அச்சிட்ட போட்டோக்கள் சில, போன் அணைந்தாலும் பார்க்கலாம். பத்துப் பேருக்கும் பங்கு வைக்கும் அளவுக்குக் கொடுங்கள், தனியாக எவனும் தின்ன மாட்டான்.

அவன் இருக்கும் போஸ்டின் பெயர், யூனிட் நகரும் தேதி இதையெல்லாம் வாட்ஸ்அப்பிலோ ஃபேஸ்புக்கிலோ போடவே போடாதீர்கள். பெருமையில் போடுவது அவன் தலைக்கே ஆபத்தாக முடியலாம்.

கிளம்புவதற்கு முன் அவனிடமிருந்து இரண்டு நம்பர் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்று, கீழே தங்கும் ரியர் பார்ட்டியின் நம்பர். மற்றொன்று, அவன் கம்பெனியில் நம் பக்கத்து ஜே.சி.ஓ. யாராவது இருந்தால் அவர் வீட்டு நம்பர். உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கும் ஒருமுறை போய் அறிமுகம் செய்துகொள்ளுங்கள். டிவியில் ‘சியாச்சினில் பனிச்சரிவு’ என்று ஓடினால், சேனல் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் அந்த ரியர் பார்ட்டி நம்பருக்குக் கூப்பிடுங்கள். எந்த போஸ்ட், யார் யார் என்பது முதலில் யூனிட்டுக்குத்தான் தெரியும், உங்களுக்கு நேர்மையாகப் பதில் சொல்வார்கள்.